ரெட் அலர்ட் அன்று பள்ளிக்கு லீவு, கம்பெனிக்கு இல்லை: இது சரியா?

கேள்வி (முடிச்சூர் அம்மா)

வணக்கம். நாங்கள் இருப்பது முடிச்சூரில், வரதராஜபுரத்தை ஒட்டி. தாம்பரம் பக்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது படிக்கிறார்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் பிரிட்ஜுக்கு அடியில் செங்கல் ஏறிவிடும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் பரண்மேல் போய்விடும். அந்த அளவுக்கு நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம். எனக்கு இருக்கும் பிரச்சினை வேறு.

ஒவ்வொரு புயலுக்கும் டிவியில் கீழே எழுத்து ஓடும்: சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அதே நேரத்தில் எங்கள் கம்பெனி குரூப்பில் ஒரு மெசேஜ் வரும்: நாளை வழக்கம்போல் இயங்கும். போகவில்லை என்றால் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை, அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். மழை நாளில்தான் சவாரி கிடைக்கும் என்று கணவரும் கிளம்பிவிடுவார். அப்போது வீட்டில் யார்? பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும்.

பள்ளிக்கூடம் இரண்டு மாடிக் கட்டடம். எங்கள் வீடு தரைத்தளம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக லீவு விடுகிறார்கள், ஆனால் அந்த லீவினால் என் பிள்ளைகள் மாடியிலிருந்து தரைக்கு வந்து, பெரியவர்கள் யாரும் இல்லாமல், தண்ணீர் எப்போது வாசல்படி ஏறும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்வார். ஆனால் அவருக்கே எழுபதுக்கு மேல்.

கடுமையான எச்சரிக்கை வந்தால் பள்ளி, வேலையிடம் இரண்டையும் சேர்த்து மூட வேண்டாமா? மூடச் சொன்னால் எங்களைப் போன்றவர்களின் சம்பளம் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்ற பதில் வேண்டாம், அதற்கு எங்களுக்கு வசதியில்லை.


பதில் (குன்றத்தூர் டிபன் கடை)

சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் மூடு என்று சொல்வதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

2024 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். 16ஆம் தேதிக்குச் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளி, கல்லூரி மூடியாயிற்று, ஐடி கம்பெனிகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்க வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 15ஆம் தேதி நல்ல மழை, மறுக்கவில்லை. ஆனால் பயந்துகொண்டிருந்த 16ஆம் தேதி மழை குறைந்துவிட்டது. அரைத்து வைத்த மாவு எனக்கு அப்படியே புளித்துப்போனது. என்னிடம் வேலை செய்கிற இரண்டு பேருக்கும் நான் கூலி கொடுத்தேன், என்னால் முடிந்தது. முடியாத கடைக்காரர்கள் எத்தனையோ பேர்.

எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் என்றால் தாம்பரத்திலிருந்து மதுராந்தகம், செய்யூர் வரைக்கும். ஓர் ஓரத்தில் கொட்டும், மறு ஓரத்தில் வெயிலடிக்கும். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டினால் தினக்கூலிக்காரன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. புயல் அவன் வீட்டுக்கு வராமலே நஷ்டம் மட்டும் வந்து சேரும். தாழ்வான இடங்களில் மூடட்டும், சரி. மொத்தமாக வேண்டாம் என்பது என் கருத்து.


பதில் (ஒரகடம் ரூட்)

நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பஸ் பிரிவைப் பார்க்கிறேன். ரூட் போடுவது, டிரைவர்களை எழுப்புவது, யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கணக்கு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அரக்கோணம், திருவள்ளூர், காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று நாலா பக்கமும் வண்டி போகிறது. முடிச்சூர், படப்பை வழியும் உண்டு. அதனால் அம்மா சொல்வது எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதிப் பிரச்சினை நேரம்தான். முதல் ஷிப்ட் காலை 6 மணி. அரக்கோணம் வண்டி நாலரைக்குக் கிளம்பினால்தான் சரியாக வந்து சேரும். அதில் ஏறுகிற பெண்கள் மூன்று மணிக்கே எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு வந்து இருட்டில் நிற்பார்கள். கலெக்டர் அறிவிப்பு காலை 6 மணிக்கு வந்தால் பள்ளி வேன்காரருக்காவது உதவும். எங்கள் ஆட்கள் அந்நேரம் மெஷின் முன்னால் நிற்பார்கள். முந்தின நாள் மாலை 6 மணிக்குள் முடிவு தெரியாவிட்டால், ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பு இருந்தும் இல்லாததும் ஒன்று.

முந்தின நாளே சொல்ல முடியாதா என்றால், முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் நிவர் வந்தபோது, 24ஆம் தேதி பிற்பகல் 1 மணியிலிருந்து கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு உட்பட 7 மாவட்டங்களில் அரசுப் பேருந்துகளை நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். 25ஆம் தேதிக்குப் பொது விடுமுறை என்பதும் 24ஆம் தேதியே தெரிந்துவிட்டது. அன்று எனக்குக் குழப்பமே இல்லை. வண்டிகளை மேட்டில் நிறுத்திவிட்டு டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். பஸ் ஓடாது என்றால் எந்த முதலாளியும் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார்.

சரி, கம்பெனிகள் தாமாகவே ஏன் மூடுவதில்லை? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கல்நெஞ்சாகத் தெரியும். நான் உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். நாங்கள் ஒரு பெரிய கார் கம்பெனிக்குப் பொருள் கொடுக்கிறோம். அவர்களிடம் எங்கள் பொருள் இருப்பது சில மணி நேரத்துக்குத்தான். நாங்கள் அனுப்பாவிட்டால் அவர்களுடைய லைன் நிற்கும், நின்றால் அந்த நஷ்டத்தை எங்கள் தலையில் போடுவார்கள். அதனால் எங்கள் மேலாளர், பெரிய கம்பெனி மூடுமா என்று பார்த்துக்கொண்டு இருப்பார். பெரிய கம்பெனி, அரசு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு இருக்கும். எங்களுக்குக் கீழே பொருள் கொடுக்கிற சின்னப் பட்டறைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணி ராத்திரி பத்தாகிவிடும். அப்புறம் என்ன, வழக்கம்போல் இயங்கும் என்று மெசேஜ் போகும். இதில் பல பேருக்கு மூடத்தான் மனது. முதலில் மூடுகிறவனுக்குத்தான் அடி என்ற பயம். அதனால்தான் சொல்கிறேன், இந்த முடிவை அந்தந்த நிறுவனத்திடம் விடக்கூடாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு வந்தால் யாருக்கும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நடப்பது என்னவென்றால், மிக்ஜாம் சமயத்தில், 2023 டிசம்பர் 4ஆம் தேதிக்கு நான்கு மாவட்டங்களிலும் பொது விடுமுறை விட்டார்கள். அது நல்ல முடிவு. ஆனால் தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, முடிந்தவரை வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுங்கள் என்று அறிவுறுத்தல்தான். பிரஸ் மெஷினை யார் வீட்டிலிருந்து ஓட்டுவது? பால், குடிநீர், மின்சாரம், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எல்லாம் ஓடித்தான் ஆக வேண்டும், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அன்று வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே சிக்கிய 2 பேரின் உடல்களை 8ஆம் தேதிதான் எடுக்க முடிந்தது. பொது விடுமுறை நாளில் வேலையிடத்தில் இருந்த மனிதர்கள் அவர்கள். ஆழமான பள்ளம் தோண்டிய இடம், கிரேன் நிற்கிற இடம், தகரக் கொட்டகை, இந்த மாதிரி இடங்களில் ரெட் அலர்ட் அன்று ஒருவர்கூட இருக்கக்கூடாது. காவலாளிகூட தள்ளித்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் எங்கள் சங்கத்தில் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். நாம் மழைக்கு விடும் பொது விடுமுறை, காசோலை போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவது. அரசு அலுவலகம், வங்கிக்கு அது பொருந்தும். தொழிற்சாலை, கடைகளுக்கு 1958ஆம் வருடத்து விடுமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அப்புறம் சில பண்டிகை நாட்கள். புயல் அதில் இல்லை. ஆனால் 2005ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். ஓர் இடத்துக்கு ஆட்களும் வண்டிகளும் போய்வருவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் 51ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம். கொரோனா காலத்தில் இதே சட்டத்தை வைத்துத்தான் நாட்டையே மூடினார்கள். இரண்டு நாள் புயலுக்கு மட்டும் அதே சட்டத்தின் கீழ் தொழிற்சாலைக்கு உத்தரவு போடத் தயங்குவதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

அம்மா கேட்ட சம்பள விஷயம். இதுதான் மனதை மிகவும் வருத்துவது. மழை லீவு விட்டால் பர்மனென்ட் ஆட்களுக்குச் சம்பளம் போகாது, அல்லது பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து சரிக்கட்டச் சொல்வார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அன்றைய கூலி நேராகப் போய்விடும். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருகிற இரண்டு பேரில் ஒருவருக்கு லீவு, இன்னொருவருக்குப் பட்டினி. மூடுகிற உத்தரவிலேயே, கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் அன்றைய சம்பளம் உண்டு, அட்டெண்டன்ஸ் போனஸில் கை வைக்கக்கூடாது என்று இரண்டு வரி சேர்த்தாக வேண்டும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் டிபன் கடை அண்ணன் சொல்வதுதான் நடக்கும், கூலிக்காரர்களே மூட வேண்டாம் என்று வந்து நிற்பார்கள். அவர் தன் ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது மனது நிறைந்தது. ஆனால் நல்ல மனது உள்ளவர்களை நம்பி மட்டும் இதை நடத்த முடியாது.

அண்ணன் சொன்னதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். தெருமுனைக் கடையை மூடச் சொல்ல வேண்டியதில்லை. நடந்து வந்து நடந்து போகிற ஆள் வேறு, 50 கிலோமீட்டர் தாண்டி வருகிற ஆள் வேறு. எனக்குப் பயம் வேலையைப் பார்த்து அல்ல, வழியைப் பார்த்துத்தான். மழை நாளில் தொழிற்சாலைக்குள் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆபத்து இருப்பது அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஓடுகிற சாலையில், ரயில்வே சப்வேயில், வெள்ளத்தில் மூடி தெரியாத சாக்கடைக் குழியில், அறுந்து தண்ணீரில் கிடக்கும் மின்கம்பியில். ஃபெஞ்சல் புயல் அன்று சென்னை முத்தியால்பேட்டையில் ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போன வடமாநிலத் தொழிலாளி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். பணம் எடுக்க வெளியே வந்ததற்கு உயிர் விலையா?

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் மூடாமல் இருந்துவிட்டு, மத்தியானம் மழை வலுத்ததும் எல்லோரும் சீக்கிரம் கிளம்புங்கள் என்று விடுகிறார்களே, அதைவிட ஆபத்தான முடிவு கிடையாது. 2016 டிசம்பர் 12, வர்தா. புயல் சென்னையைக் கடந்தது பிற்பகலில். நடுவில் காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்தது, முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் மேல் மறுபடி வேறு திசையிலிருந்து அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்த நாள் அது. அந்த நேரத்தில் ஆட்களை ரோட்டில் விடுவதும் ஒன்றுதான், நெருப்புக்குள் விடுவதும் ஒன்றுதான். வரவழைத்துவிட்டால் அப்புறம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். கேன்டீனில் இரண்டு வேளைக்கு அரிசி, பருப்பு கூடுதலாக இருக்க வேண்டும். பெண்கள் படுக்கத் தனி அறை, பாய், மாற்று நாப்கின், போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் லைன், கதவருகே ஒரு பெண் காவலாளி. இதெல்லாம் தர முடியாத நிறுவனம் எச்சரிக்கை நாளில் ஆட்களைக் கூப்பிடவே கூடாது.

இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் திரும்ப வேண்டியவர்களையும் மறந்துவிடுகிறார்கள். லீவு என்று அறிவித்ததும் காலை ஆட்கள் வரமாட்டார்கள், சரி, ராத்திரி வந்தவர்கள் எப்படிப் போவார்கள்? அன்றைக்கு வண்டி இல்லை. எனவே மூடும் நாளுக்கு முந்தின இரவு ஷிப்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.


பதில் (விழுப்புரம் டீச்சர்)

ஒரகடம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் மாவட்டத்து நிலையையும் சொல்லத் தோன்றியது. நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை.

சென்னையில் எப்போது மூடுவது என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு எப்போது திறப்பது என்பதுதான் பெரிய கேள்வி. 2024 நவம்பரில் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் 27ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. நடுவில் புயலாகவே ஆகாது என்றும் பேச்சு வந்தது. கடைசியில் 29ஆம் தேதி பிற்பகல் ஃபெஞ்சல் என்று பெயர் வாங்கி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் கரையைக் கடந்தது என்று டிவியில் சொன்னதும் ஜனங்களுக்கு ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிதான் எங்களை ஏமாற்றியது. கடந்த பிறகும் அது நகராமல் நின்று ஊற்றியது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். கடலோடு சம்பந்தமே இல்லாத ஊத்தங்கரையில் 50. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரே வீட்டில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள், தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அது திங்கட்கிழமை. புயல் போய்விட்டது, வேலைக்கு வா என்று கூப்பிடுகிற நாள். ஆகவே மூடுவதற்கு வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறம் போதும். திறப்பதற்கு அது போதாது. நீர்வளத்துறையிடம் அணை நிலவரம் கேட்டு, ரோட்டைப் பார்த்து, பள்ளி மதில் சுவரையும் மின்கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பிள்ளைகள் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சிற்றுண்டி. மதியம் சத்துணவு ஏற்கெனவே இருக்கிறது. லீவு விட்டால் அந்த இரண்டு வேளையும் போகும். அதே நாளில் அம்மாவுக்குக் கூலியும் இல்லை. எங்கள் பள்ளியில் சில பிள்ளைகள் தொடர் லீவு முடிந்து வரும்போது முகமே வாடிப்போய் இருப்பதைப் பார்க்கிறேன். கொரோனா சமயத்தில் அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாக வீட்டுக்குக் கொடுத்தார்கள். புயல் லீவை முந்தின நாள் மதியமே சொன்னால், பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போதே பையில் முட்டையும் பயறும் போட்டு அனுப்பிவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், பள்ளிக்கு லீவு என்றாலும் பள்ளி மூடுவதில்லை. தாழ்வான தெருக்காரர்கள் வந்து தங்குவது எங்கள் வகுப்பறைகளில்தான். அம்மா தன் பிள்ளைகள் மாடிக் கட்டடத்தில் இருந்தால் தேவலை என்று நினைக்கிறார்கள், அந்த நினைப்பு சரிதான். வேலைக்குப் போயே ஆக வேண்டிய நர்ஸ், தூய்மைப் பணியாளர், மின்வாரியக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காக, மேடான பள்ளி ஒன்றில் இரண்டு அறைகளைத் திறந்து வைத்து, நடந்து வரக்கூடிய ஆசிரியர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். நான் வருவேன்.

சனிக்கிழமை வகுப்பு வைத்துப் பாடத்தை முடித்துவிட முடியும். மிக்ஜாம் போது அரையாண்டுத் தேர்வையே தள்ளி வைத்தோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.


பதில் (ஹாங்காங்கிலிருந்து)

நான் இங்கே வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் நாகப்பட்டினம். கஜா அடித்தபோது எங்கள் வீட்டுத் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, அதனால் இந்தப் பேச்சு என் வீட்டுப் பேச்சும்தான்.

இங்கே யாரும் யார் வாயையும் பார்ப்பதில்லை. வானிலை மையம் புயல் காற்றுக்கான 8ஆம் எண் சமிக்ஞை ஏற்றினால் பள்ளி இல்லை, பெரும்பாலான அலுவலகங்கள் இல்லை. ஏற்றுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஏற்றப்போகிறோம் என்று சொல்லிவிடுவார்கள், அந்த நேரத்தில் தூரத்தில் இருப்பவர்கள் முதலில், பக்கத்தில் இருப்பவர்கள் பிறகு என்று ஆட்களை அனுப்புவார்கள். யார் வர வேண்டும், சம்பளம் எப்படி என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும்படி தொழிலாளர் துறை வழிகாட்டி போட்டிருக்கிறது.

மழைக்கு விதி வேறு. கறுப்பு மழை எச்சரிக்கை வந்தால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும் பிள்ளைகளை, வழி சரியாகும் வரை பள்ளியே வைத்துக்கொள்ளும். காற்றுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பு, மழைக்கு நடுவில் அனுப்பாதே. ஒரகடம் ஐயா தன் அனுபவத்தில் சொன்னதும் இதுதான்.


கேள்வி கேட்டவர் (முடிச்சூர் அம்மா)

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நான் வருவேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அந்த இரண்டு அறைகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஒரகடம் ஐயா, அரசு உத்தரவு வரும்போது வரட்டும். அதற்குள் இந்த மழைக்கு எங்கள் பிரிவில் இருக்கும் பெண்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். என்ன கேட்டால் கொடுப்பார்கள்?


பதில் (ஒரகடம் ரூட்)

பெரிதாகக் கேட்காதீர்கள் அம்மா, அவர்களால் இன்றே செய்ய முடிந்ததைக் கேளுங்கள். ரெட் அலர்ட் இருந்தால் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் உண்டு, இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்ட நாளில் வர முடியாதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் போகக்கூடாது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்களுக்கு அன்று சம்பளத்தோடு லீவு. கான்ட்ராக்ட் பெண்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அடுத்த முறை அவர்கள் உங்களோடு நிற்க மாட்டார்கள். வேலை நடுவில் நிலைமை மோசமானால் எங்கே தங்க வைப்பீர்கள், என்ன சாப்பாடு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்கும்போதுதான் அவர்களும் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

பஸ் பார்க்கிறவர் யாரென்று தெரிந்துகொண்டு அவருடைய நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் நின்றால் வண்டி வண்டலூர் சுற்றி வருமா, அப்போது நீங்கள் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். மழை பெய்யும்போது கேட்டால் அவரால் போனை எடுக்க முடியாது.